தூக்காமல் ஏறும் பெட்டி

எங்கள் ஊரில் என்னை ஒருவரும் நொண்டி என்று சொன்னதில்லை. அவ்வளவு நல்ல மனிதர்கள்! அதற்குப் பதிலாக வேறொரு சொல் வைத்திருந்தார்கள்: சும்மா. "நீ சும்மாதானே இரிக்காய் புள்ள, இந்த அரிசியில கல்லப் பொறுக்கித் தா." "நீ சும்மாதானே இரிக்காய், இந்த லாம்பு புகைக்குது, என்னெண்டு ஒருக்காப் பாரன்." ஆரையம்பதியில் வேலி வாசல்களில், கடப்படிக்குக் கடப்படி நின்று, விடியத் தொடங்கிப் பொழுதுபடும் வரை ஊர்க்கதை பறைகிறவர்களெல்லாம் வேலைகாரர்கள். லாம்பு, பூட்டு, குடை, தையல் மெசின் என்று ஊருடைய பழுதையெல்லாம் மடியில் வைத்துத் திருத்திக்கொடுத்த நான் மட்டும் சும்மா இருந்தவள். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குமரியாக இருந்த காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் என் இடுப்புக்குக் கீழே இருந்த பலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு சின்னப் பலகையில் இருந்து, இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி, அரக்கி அரக்கித்தான் நான் வீட்டிலும் வளவிலும் நடமாடினேன். என் கைகள் அதனால் நல்ல பலம். மாமன் மகன்தான் என்னைக் கட்டினார். எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. கட்டுகிறவர்தான் வந்து ஏற வேண்டும். அவரும் வந்து ஏறினார். வேலிக்கு அங்கால் அக்காவின் வீடு, இஞ்சால் என் வீடு. அவர் தெற்கே ஒரு தென்னந்தோட்டத்துக் கொப்பரா காயவைக்கிற வாடியில் மேற்பார்வை பார்த்தார். நல்ல மனிதர். ஒருவருக்கும் 'ஏலா' என்று சொல்லத் தெரியாத மனிதர். யார் என்ன கேட்டாலும் வாயில் 'ஓம்'தான். ஊருக்கு அது பெரிய குணமாகத் தெரிந்தது. வீட்டில் இருந்து பார்த்தால் அல்லவா தெரியும்!

என் அப்பா இறந்த பிறகு வந்த முதல் ஆடி அமாவாசைக்கு என்னையும் அமிர்தகழிக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் இல்லாதவர்கள் அன்றைக்கு மாமாங்கக் குளத்தில் தீர்த்தமாட வேண்டும். மாட்டு வண்டிலில் போய் இறங்கியதும், இவரும் அக்காவின் புருஷனும் என்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு சனத்துக்குள்ளால் நடந்தார்கள். தூக்குகிறவர்களுக்கு அது புண்ணியம். தூக்கப்படுகிறவளுக்கு என்ன தெரியுமா? சேலை ஒரு பக்கம் ஏறும். அதை இழுத்துவிடக் கை இராது, கதிரையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முன்னால் போகிற சனமெல்லாம் திரும்பி உன் காலைப் பார்க்கும். பார்த்துவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்ளும். குளக்கரையில் என்னை இறக்கி வைத்த கையோடு, யாரோ ஒரு பொம்பிளை குனிந்து என் மடியில் ஒரு செப்புச் சதத்தை வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு போனாள். என்னைப் பிச்சைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

நான் அன்றைக்குக் குளிக்கவே இல்லை. "வண்டிலுக்குப் போவம்" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு இவரைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினேன்.

"இனி என்னை ஒருத்தரும் தூக்கப்படா. நீங்களும்தான்."

"ஓம்."

"நான் விழுந்து கிடந்தாலும் தூக்கப்படா. நானே எழும்புவன்."

"ஓம் எண்டுறன்தானே."

அதற்குப் பிறகு அமாவாசைக்கு அமாவாசை நான் வீட்டில் இருந்தேன். பஸ் ஓடத் தொடங்கியிருந்த காலம்தான். ஆனால் அதன் படி என் நெஞ்சு உயரம். கொண்டக்டர்தான் தூக்கி வைக்க வேண்டும். அக்கா போய் ஒரு போத்தலில் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்து, "இந்தா, இதத் தலையில தெளி, போதும்" என்பாள். போதுமாம்! அப்பாவுக்கு நானும் பிள்ளைதானே? அவள் தலை முழுக, நான் தெளித்துக்கொண்டால் போதுமா? ஊரும் சும்மா விடவில்லை. தகப்பனுக்குத் தீர்த்தமாடப் போகாத மகள் என்று ஒரு கதை வேலிக்கு வேலி போனது. எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஒரு தரம், ஒருவர் கையும் படாமல், நானாகப் போய், நானாக இறங்கி, என் அப்பாவுக்கு ஒரு முழுக்குப் போட வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை.

அப்படி இருக்கும்போதுதான் தோட்டத்துத் துரை தன் தேசத்துக்குத் திரும்பினார். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று ஓட்டமில்லாமல் வாடிக்குப் பின்னால் கிடந்தது. அதை வாவியில் தள்ளிவிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். இவர் அதை மாட்டு வண்டிலில் ஏற்றிக்கொண்டுவந்து எங்கள் வளவில் இறக்கினார்.

"என்னத்துக்கு இது?" என்று கேட்டேன்.

"சும்மா கிடந்த சாமான். கொண்டந்தன்."

அந்தச் சொல்லைக் கேட்டதுமே எனக்கு அந்த வண்டியில் ஒரு பாசம் வந்துவிட்டது.

ஊரார் வந்து பார்த்தார்கள். மோட்டார் சைக்கிள் என்று முழுதாகச் சொல்ல யாருக்கு நேரம்? 'மோட்டச் சைக்கிள்' என்பார்கள். ஓடாத வண்டி என்று தெரிந்ததும் அது 'மோட்டுச் சைக்கிள்', மக்குச் சைக்கிள், ஆகிவிட்டது. மோட்டுப் புருஷன் கொண்டுவந்த மோட்டுச் சைக்கிள் என்று சிரித்தார்கள். கோழி ஒன்று அதன் இருக்கைக்குக் கீழே முட்டையிட்டது. அக்கா அந்த முட்டையை எடுத்துக்கொண்டு, "இதுக்காவது உதவுதே" என்றாள்.

இவர் கொப்பரா வாடிக்குப் போன பிறகு நான் பலகையை அரக்கிக்கொண்டு அதன் அருகே போய் இருந்தேன். நிற்கிற ஆட்களுக்கு ஒரு வண்டியின் மேல்பக்கம்தான் தெரியும். நிலத்தில் இருக்கிறவளுக்கு எஞ்சின் நேரே முகத்துக்கு முன்னால். தையல் மெசினை எத்தனை தரம் கழற்றிப் பூட்டியிருப்பேன்! இதுவும் இரும்புதானே என்று நினைத்தேன். கழற்றிய ஆணிகளைச் சிரட்டைகளில் போட்டு, எந்தச் சிரட்டை எந்த இடத்துக்கு என்று கரியால் கோடு கீறி வைத்தேன். பெரிய சாமான்களைச் சுளகில் அடுக்கினேன். வால்வு இரண்டும் கரிபிடித்து, வாய் மூடாமல் காற்று விட்டுக்கொண்டிருந்தன. சாணைக்கல்லை இடித்து, சீலையில் சலித்து, அந்த மாவைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவி, உள்ளங்கைக்குள் வைத்துக் கடைந்துகொண்டே இருந்தேன். தீப்பொறி தருகிற மக்னீற்றோ மாரி ஈரம் குடித்துச் செத்துக் கிடந்தது. அதை அடுப்புக்கு மேலே, கருவாடு காயவைக்கிற பரணில் வைத்துக் காயவைத்தேன். கொஞ்சக் காலம் அது நெத்தலி மணந்தது. ஆனால் பொறி வந்தது.

இதற்கிடையில் வேலிக்கு மேலால் வந்த புத்திமதிகளைச் சொன்னால் ஒரு புத்தகம் போதாது. பொம்பிளை கை பட்டால் எஞ்சின் பிடிக்காதாம். வெள்ளிக்கிழமையில் இரும்பைக் கழற்றினால் வீட்டுக்கு ஆகாதாம். ஒருநாளும் ஒரு திருகாணியைத் தொட்டுப் பார்க்காதவர்கள், வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு, "அது அப்பிடியில்ல, இப்பிடி" என்பார்கள். எப்படி என்று கேட்டால் போய்விடுவார்கள்.

பிழை விடாமல் நான் எல்லாம் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதை முதல் தரம் தலைகீழாகப் பூட்டிவிட்டேன். இவர் வந்து உதைத்தார். வண்டி அவரைத் திருப்பி உதைத்தது. மனிதர் பறந்துபோய் மிளகாய்ப் பாத்திக்குள் விழுந்தார். எழும்பி, உடுத்திருந்த சாரத்தைத் தட்டிக்கொண்டு, "வயல் வட்டைக்குள்ள நிக்கிற எருமைகூட இப்பிடி உதைக்காது புள்ள" என்றார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கே மூச்சு முட்டியது. அன்றைக்கு அவரை எனக்குச் சரியாகப் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பின் சக்கரத்தைச் சுற்றுகிற வார் இற்றுப்போயிருந்தது. வாவிக்கு அங்கால், படுவான்கரையில் இருந்து ஒரு எருமைத் தோல் எடுப்பித்து, கீறி, தைத்து, நெகிழட்டும் என்று மீனெண்ணெய் பூசி முருங்கையில் கொழுவிவிட்டேன். அக்கா வீட்டு நாய் அதை இழுத்துக்கொண்டுபோய் அரைவாசியைத் தின்றுவிட்டது. நாய்க்கு என்ன தெரியும் என்றாள் அக்கா. நாய்க்குத் தெரியாது, கட்டி வைக்க வேண்டியவளுக்குமா தெரியாது? பிறகு நெல்லுக் குத்துகிற மில்லில் கழித்துப் போட்ட வார் ஒன்றை இவர் கேட்டு வாங்கி வந்தார். அதை நெடுக்கு வாட்டில் வெட்டி, இரண்டை ஒன்றாக ஒட்டித் தைத்தேன்.

அது பிடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் இருமியது, பிறகு புகைத்தது, மறுகா 'தடதட'வென்று வளவே அதிரும்படி எழும்பியது. கோழிகள் கூரையில் ஏறின. அக்கா கையில் அகப்பையோடு ஓடிவந்தாள். கருப்பு எண்ணெய் முழங்கை வரை வழிய நான் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இவர் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறார். அக்கா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "உன்ர புருஷன் சரியான கெட்டிக்காரன்கா!"

சரி, போகட்டும் என்று விட்டேன். எனக்குப் பேர் வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியது பெட்டி.

பெட்டி என்றால் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் கொழுவுகிற பக்கப்பெட்டி. துரைமார் தங்கள் துரைசானிகளை அதில் இருத்திக்கொண்டு போவதை நான் கண்டிருக்கிறேன். அதுகளெல்லாம் காலைத் தூக்கி ஏறுகிற பெட்டிகள். எனக்கு வேண்டியது வேறு. என் விறாந்தை விளிம்பு நிலத்தில் இருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் பெட்டியின் தட்டு இருக்க வேண்டும். அப்போது நான் விறாந்தையில் இருந்து அப்படியே அரக்கி உள்ளே போய்விடலாம். ஒரு ஈர்க்கை எடுத்து, விறாந்தை உயரத்துக்கு அளவாக ஒடித்து, கொல்லன் பட்டறைக்கு இவரிடம் கொடுத்தனுப்பினேன். கொல்லன் பழைய ரிக்‌ஷோச் சக்கரம் ஒன்றைப் போட்டு, அச்சை நேராக அடித்து அனுப்பிவிட்டான். தட்டு என் தோள் உயரத்தில் நின்றது.

"ஈர்க்குக் குடுத்தீங்களா?"

"குடுத்தன். அது சின்னனாக் கிடக்கு, வாற வழியில முறிஞ்சிருக்கும் எண்டு சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் என்ன சொல்லியிருப்பார்? 'ஓம்' என்றுதான் சொல்லியிருப்பார். அச்சைத் திருப்பி அனுப்பினேன். ஈர்க்கை இல்லை, இந்தத் தரம் ஒரு பூவரசந்தடியை வெட்டி அனுப்பினேன். அது முறிந்தது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அச்சை நடுவில் மேல்நோக்கி வளைத்து, தட்டு அதற்குக் கீழே தொங்கும்படி செய்து தந்தான்.

தட்டுக்கு மேலே பிரம்பால் நானே பின்னினேன். முதுகு சாய்கிற இடத்தை இறுக்கமாகவும், பக்கங்களைக் காற்றுப் போகும்படியும் பின்னினேன். கதவுதான் என்னுடைய சொந்த யோசனை. எல்லாக் கதவும் பக்கத்துக்குத் திறக்கும். என் கதவுக்குப் பிணைச்சலைக் கீழே வைத்தேன். கொக்கியை விட்டால் கதவு வெளியே விழுந்து, அதன் நுனி நிலத்தைத் தொடும். சறுக்காமல் இருக்க அதில் குறுக்குச் சட்டங்கள் அடித்தேன். விறாந்தை இல்லாத இடத்திலும் அந்தச் சரிவில் கையை ஊன்றி இறங்கலாம், ஏறலாம். ஏறும்போது பிடிக்கப் பெட்டியின் இரண்டு பக்கமும் தடித்த பிரம்பால் பிடி. என் உடம்புக்கு அளந்து செய்த பெட்டி அது. இவர் வேலைக்குப் போன பிறகு வளவில் தனியாக இறங்கி, ஏறி, இறங்கி, ஏறிப் பழகினேன். உள்ளங்கை உரிந்தது. உரியட்டும் என்று விட்டேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

பெட்டி வந்த பிறகு முதலாவது அமாவாசை. வெள்ளண எழும்பி, தலை வாரி, மாற்றுச் சேலையைப் பையில் வைத்து விறாந்தையில் இருக்கிறேன். கடப்படியில் விதானையார் வந்து நிற்கிறார். அரசாங்கத்தின் ஆள், ஊரில் அவருக்கு மேலே ஆள் இல்லை. அரசாங்கக் கச்சேரியில் இருந்து துரைமார் தீர்த்தம் பார்க்க வருகிறார்களாம். தான் போய் நிற்க வேண்டுமாம். வண்டிலில் போனால் சுணங்குமாம்.

"எனக்கு இது கடமை, புள்ள. நீ சும்மா போறதுதானே. வாற வருஷம் போகலாம்."

சும்மா போகிறேனாம்! நான் வாயைத் திறக்க முதல் இவர் "ஓம்" என்றுவிட்டார். விதானையார் என் பெட்டிக்குள் ஏறினார். சரிவுக் கதவில் செருப்போடு மிதித்து ஏறினார். என் உடம்புக்குச் செய்த பெட்டியில் அவருடைய முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் நின்றன. அப்படியே, தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு போனார். நான் மாற்றுச் சேலைப் பையோடு விறாந்தையில் இருந்தேன். அன்றைக்கு நான் அடுப்பு மூட்டவில்லை. மத்தியானம் வந்து, "சாப்பாடு?" என்று கேட்ட மனிதரிடம், "விதானையார் வீட்டில கேளுங்க" என்றேன்.

அடுத்த அமாவாசைக்கு விதானையார் வரவில்லை. அக்கா வந்தாள். அவளுடைய புருஷனுக்கு முதல் நாள் தென்னையடியில் கால் பிரண்டு சுளுக்கிவிட்டதாம். அவருக்கும் தகப்பன் இல்லை, தீர்த்தமாட வேண்டும்.

"நடக்க ஏலாத மனிசன்கா," என்றாள் அக்கா. "நீயே சொல்லு, அவர் என்னெண்டு போற?"

நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வந்து சொல்கிறாள், நடக்க ஏலாத மனிதனாம்! தான் சொல்வது தனக்கே விளங்கும், ஒரு கணம் நாக்கைக் கடிப்பாள் என்று பார்த்தேன். ம்ஹூம். அந்த முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் நடக்க ஏலாதவள் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. நான் எப்போதும் இருக்கிற இடத்தில் இருக்கிறவள், அவ்வளவுதான்.

"நான் போகோணும் அக்கா. அப்பாவுக்கு."

"அதுக்கென்ன, போத்தல்ல கொண்டுவாறன்தானே. மனே, கெதியா வண்டிய எடுங்க."

'மனே' என்றது இவரை. இவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் 'ஏலா' என்று சொன்னேன். மனிதர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "கிறுகி வந்து உன்னையும் கூட்டிப் போறன்" என்றார். கிறுகித் திரும்பி வந்தார்தான், பொழுதுபட. அக்காவின் புருஷன் அந்தச் சுளுக்குக் காலோடு அடுத்த நாளே தென்னையில் ஏறியதை நான் என் கண்ணால் கண்டேன்.

இரவல் கேட்டவர்களையெல்லாம் சேர்த்து எழுதவில்லை. பொம்பிளை பார்க்கப் போன மாப்பிள்ளை, கல்லடிக்குக் கொண்டுபோன மீன் கூடை, யாரோ வாங்கி வந்த கன்றுக்குட்டி, எல்லாம் என் பெட்டியில் ஏறின. நான் ஒருத்திதான் ஏறவில்லை. வண்டி பழுதாகித் திரும்பி வந்தால் மட்டும் என் மடிக்கு வரும். மோட்டார் சைக்கிளை எப்படியும் திருத்திவிடலாம். இந்த ஆக்களைத் திருத்த எந்தச் சாவியாலும் ஏலாது என்று அப்போதுதான் எனக்குத் தெளிந்தது.

பிறகு உலக யுத்தம் வந்தது. பெற்றோலுக்குக் கூப்பன் வந்தது. அந்த வருஷம் ஆடி பிறந்ததும் நான் எஞ்சினில் பொறி விழுகிற பிளக்கைக் கழற்றி, சீலையில் சுற்றி, அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட. இவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. பிளக் இருந்த ஓட்டையை ஒரு கட்டையால் அடைத்து எண்ணெய்க் கரியைப் பூசிவிட்டேன். இவர் வந்து உதைத்தார், உதைத்தார், சாரம் நனைய உதைத்தார். அது அசையவில்லை.

"என்ன புள்ள இதுக்கு?"

"பழுது."

"திருத்த ஏலாதா?"

"பாப்பம்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விடவில்லை. விதானையார் ஆளனுப்பினார். பழுது என்றேன். அக்கா வந்தாள். பழுது என்றேன். "இவ்வளவு நாளும் சும்மா இருந்து என்ன செய்தாய்?" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பழுது என்றேன். கூப்பன் பெற்றோல் தாங்கிக்குள் ஒரு சொட்டுக் குறையாமல் இருந்தது. அமாவாசையன்று விடிய, அவர்கள் எல்லோரும் வண்டில் கட்டிக்கொண்டு போன பிறகு, நான் பானைக்குள் கையை விட்டுப் பிளக்கை எடுத்துப் பூட்டினேன்.

"இப்ப உதையுங்க," என்றேன்.

ஒரே உதையில் பிடித்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிறகு சிரிக்கத் தொடங்கிவிட்டார். "பொல்லாத ஆள் நீ" என்றார். நானும் சிரித்தேன். விறாந்தையில் இருந்து அரக்கி என் பெட்டிக்குள் போய், கதவை இழுத்துக் கொக்கியைப் போட்டேன்.

அந்தப் பயணத்தை நான் எப்படிச் சொல்ல! காத்தான்குடிக் கடைத்தெருவில் ஆட்கள் சுருட்டை வாயில் இருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் வாவி. காற்று முகத்தில் அடித்து, கண்ணில் தண்ணீர் வந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு வாவியைப் பார்க்கிறேன்! மண்டப வீதி, சந்தை, பட்டணத்து ஆட்கள் என்று எல்லாவற்றையும், நான் இருந்த உயரத்தில் இருந்தே, தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு போனேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா இருந்து பார்த்திருந்தால் அவருக்கும் தாங்கியிராது.

அமிர்தகழியில் குளத்துக்குக் கிட்டவாக, மணலில் வண்டியை நிற்பாட்டினார். கொக்கியை விட்டேன். கதவு விழுந்து மணலைத் தொட்டது. பலகையை முன்னால் விட்டு, சரிவில் கையை ஊன்றி இறங்கினேன். சனம் பார்த்தது. பார்க்கட்டும். அரக்கி அரக்கி, படியில் ஒவ்வொன்றாக இறங்கி, தண்ணீருக்குள் போனேன். தண்ணீருக்குள் உடம்புக்குப் பாரமே இல்லை. அப்பாவை நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினேன். அழுதேன். யாருக்குத் தெரியப்போகிறது, எல்லா முகமும் ஈரம்தானே.

முழுகி எழும்பிப் பார்த்தால், மேலே வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம். பெட்டியைத் தட்டிப் பார்க்கிறார்கள், கதவை இறக்கி ஏற்றுகிறார்கள். நடுவில் இவர்.

"நொண்டிப் பொஞ்சாதிக்கெண்டு செய்திரிக்கார் பாருங்க. இந்தக் காலத்தில ஆர் இப்பிடிச் செய்வான்?"

"எஞ்சினும் நீங்களா திருத்தினீங்க?" என்று கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார்.

"வீட்டில வைச்சுத் திருத்தினது," என்றார் இவர்.

நானும் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவள்தான். எழுவாய் இல்லாமலும் தமிழில் வசனம் சொல்லலாம். 'நான்' என்று அவர் பொய் சொல்லவில்லை. 'அவ' என்று உண்மையும் சொல்லவில்லை. திருத்தினது யார் என்பதை அப்படியே விழுங்கிவிட்டார். விழுங்கிவிட்டு, சிரித்துக்கொண்டு நின்றார். ஊரில் ஒருவரும் மதிக்காத மனிதரை அந்தக் கூட்டம் மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சரி, அந்தப் பேரை அவரே வைத்துக்கொள்ளட்டும், நான் வந்த காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு படியில் ஏறத் தொடங்கினேன். ஈரச் சேலை கனத்தது. முதல் படியில் கையை ஊன்றி ஏறினேன். அடுத்ததற்குக் கையை வைத்தேன்.

அப்போது அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியில் இறங்கி ஓடிவந்தார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குனிந்து, ஒரு கையை என் முதுகுக்கும் மற்றக் கையை முழங்காலுக்கும் கீழே கொடுத்து, என்னை அள்ளித் தூக்கினார்.

"இறக்குங்க," என்றேன்.

மேலே யாரோ "அரோகரா" என்றார்கள். ஒரு கிழவர் கை எடுத்துக் கும்பிட்டார், அவரை. சேலை ஒரு பக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டது.

"இறக்குங்க என்னை!"

"கொஞ்ச இடம்தானே புள்ள," என்றார், சிரித்த முகத்தோடு, எனக்கு இல்லை, அவர்களுக்கு. சனத்துக்குள்ளால் தூக்கிக்கொண்டு நடந்து, என்னைப் பெட்டிக்குள் இருத்தி, நான் செய்த கதவை அவரே தூக்கி, கொக்கியையும் போட்டார். விதானையார் மிதித்து ஏறியபோது எனக்குக் கோபம் வந்தது, அக்கா கேட்டபோது கோபம் வந்தது. அதெல்லாம் ஒரு கோபமா! அவர்களுக்கு என்னைத் தெரியாது. இந்த மனிதருக்குத் தெரியும். உலகத்தில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவர் உதைக்கக் காலைத் தூக்கினார். நான் கொக்கியைக் கழற்றினேன். கதவு மணலில் விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். அந்தச் சரிவில், சொட்டச் சொட்ட, நான் மணலுக்கு இறங்கினேன்.

"பாவம், விழுந்திட்டா போல," என்று ஒருத்தி ஓடிவந்து கையை நீட்டினாள்.

"தொடாதீங்க," என்றேன். அவள் நின்றுவிட்டாள். இவர் காலை எடுத்து நிலத்தில் வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

படியில் விடுபட்டுக் கிடந்த பலகை இல்லாமலே, மணலில் பின்னோக்கி அரக்கி, படிக்கட்டில் அவர் என்னை அள்ளிய அந்த இடம் வரைக்கும் போனேன். பலகையை எடுத்துக்கொண்டு அங்கே இருந்து தொடங்கினேன். படியில் கையை ஊன்றி ஏறினேன், மணலை அரக்கிக் கடந்தேன், சரிவுக் கதவில் பிரம்பைப் பிடித்து ஏறினேன். மணல் முழுவதும் ஈரச் சேலையில் ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் இருந்து, கதவை இழுத்து, கொக்கியைப் போட்டேன்.

"இப்ப எடுங்க," என்றேன்.